ரேம் வாங்குமுன் ஸ்பீடைப் பாருங்கள்

காரைக்காலில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். திருவேட்டக்குடி என்.ஐ.டி. பிள்ளைகள் வருவார்கள். விண்டோஸுக்குள் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் உபுண்டு ஓட்டுகிறவர்கள்.

"அண்ணே, உபுண்டு தவழுது. ரேம் ஏத்திடலாமா?"

"சார்ஜர் எங்க தம்பி?"

"பேட்டரிலதாண்ணே ஓட்டுறேன்."

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸில் சிபியுவைத் தொட்டால் 'ஸ்பீட்' என்று ஓர் எண் தெரியும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர், உபுண்டு திணறும்போதுகூட 0.8-ஐத் தாண்டாமல் நிற்கும். பேட்டரியை மிச்சம் பிடிக்கப் போட்ட கடிவாளம் அது. இதற்கு ரேம் என்ன செய்யும்?

சிலர் உபுண்டுவுக்குள்ளேயே பவர் செட்டிங்கை மாற்றிப் பார்ப்பார்கள். பலிக்காது. மாடியில் குடியிருப்பவர் குழாயை எவ்வளவு திறந்தாலும், கீழே வீட்டுக்காரர் மோட்டார் போட்டால்தானே தண்ணீர்? உள்ளே இருக்கும் உபுண்டுவுக்குக் கிடைப்பது விண்டோஸ் விட்டுக்கொடுக்கும் வேகம் மட்டும்தான். போதாததற்கு, டிஸ்க், நெட்வொர்க் போன்ற வேலைகளுக்கு அது அடிக்கடி வெளியே வந்து விண்டோஸ் பக்கம் கைநீட்ட வேண்டும். வேகம் குறைந்தால் அந்தப் போக்குவரத்தும் இழுக்கும். அதனால்தான் பிரவுசரில் தெரியாத மந்தம் இங்கே பளிச்சென்று தெரிகிறது.

செய்ய வேண்டியது: சார்ஜரைச் செருகி, விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் பகுதிக்குப் போய், பவர் மோடை 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' ஆக்குங்கள்.

நம்மூர் மே மாத வெக்கையில் இன்னொரு வைத்தியம் நடக்கிறது. லேப்டாப் கொதிக்கிறதென்று பிராசஸரின் உச்ச அளவை 99 சதவீதமாக்கி விடுவார்கள். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். டர்போ வேகமே அணைந்துவிடும். அதற்குப் பதில் விசிறியில் அடைத்திருக்கும் தூசியைத் தட்டலாம்.

2021-இல் வந்த இன்டெல் 12-ஆம் தலைமுறையிலிருந்து பெரிய கோர், சிறிய கோர் என்று இரு வகை உண்டு. விர்ச்சுவல் மெஷின் சன்னலைச் சுருக்கி வைத்தால், பின்னணி வேலைதானே என்று விண்டோஸ் அதைச் சிறிய கோர்களுக்குத் தள்ளிவிடக்கூடும். சுருக்காமல் வைத்துப் பாருங்கள்.

விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்பட்டையில் பச்சை ஆமை தெரிந்தால் அது பவர் விவகாரம் இல்லை. விண்டோஸின் ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது என்று அர்த்தம்.

இத்தனையும் பார்த்து, ஸ்பீட் எண் ஏறிய பிறகும் உபுண்டு தவழ்ந்தால் கடைக்கு வாருங்கள், ரேம் போடுகிறேன். வரும்போது சார்ஜரையும் கொண்டுவாருங்கள்.