கல்யாண வரவேற்பில் ப்ராக் ராக் வாசிக்கலாமா?

ஆழ்வார்குறிச்சியில் ஒரு கல்யாண வரவேற்பு. கீபோர்டு வாசிக்க உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே, உங்களுக்குப் பிடித்த ப்ராக் ராக் பாட்டு ஒன்றையும் வாசித்துப் பார்க்க ஆசை. ஆனால், வந்தவர்கள் முகம் சுளித்துவிட்டால் என்ன செய்வது என்று தயக்கம்.

ப்ராக் ராக் என்றால் என்ன? 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் கிளம்பிய ராக் இசை வகை அது. மூன்று நிமிடப் பாட்டோடு நிற்காது. பல பகுதிகளாக நீளும், நடுவில் தாளம் மாறும். பிங்க் ஃபிளாய்ட், ஜெனசிஸ், யெஸ், கிங் கிரிம்சன் எல்லாம் இதில் பேர்பெற்ற குழுக்கள். யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' (1972) என்ற ஒரே பாட்டு 18 நிமிடத்துக்கு மேல் ஓடும்.

இது நம் ஊரில் எடுபடுமா? தாளத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். பிங்க் ஃபிளாய்டின் 'மணி' (1973) பெரும்பகுதி ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது. மிஸ்ர சாபுவில் (மூன்றும் நான்குமாக ஏழு எண்ணும் தாளம்) கீர்த்தனை கேட்ட காதுக்கு ஏழு புதிதல்ல. கீபோர்டில் வாசித்தால் வார்த்தை இருக்காதே என்ற கவலையும் வேண்டாம். காருகுறிச்சி அருணாசலத்தின் (1921–1964) நாகஸ்வர ஆலாபனையை வார்த்தையே இல்லாமல் ரசித்த வட்டாரம் இது.

அப்படியானால் எங்கே இடறும்? ஒரே நேரத்தில் பல மெட்டுகள் ஓடும் இடத்தில்தான். நம் காது ஒரு மெட்டைப் பிடித்துக்கொண்டு போகும் பழக்கமுள்ளது. குழுவில் ஐந்து பேர் வாசிப்பதையெல்லாம் பத்து விரலில் அடைத்தால், பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போய்விடும்.

எதை வைப்பது, எதை விடுவது? முதலில் பாட்டை வாய்விட்டு முணுமுணுத்துப் பாருங்கள். வாயில் வருவது வலது கைக்கு. பேஸ் கிட்டாரின் நடை இடது கைக்கு. டிரம்ஸை விட்டுவிடலாம், இடது கை சீராக நடந்தாலே தாளம் தெரியும். மீதி இழைகளில் ஒன்றிரண்டை, மெட்டு ஓயும் இடைவெளியில் மட்டும் செருகுங்கள்.

கிட்டாரில் நீண்டு ஒலிக்கும் சுரம் பியானோவில் சீக்கிரம் தேய்ந்துவிடுமே? அதே சுரத்தை மெதுவாக இன்னொரு முறை தொடுங்கள். சஸ்டெயின் பெடலை (விரலை எடுத்த பிறகும் ஒலியை நீட்டும் மிதி) மிதித்தபடியே இருக்காதீர்கள். மண்டபத்தில் எதிரொலி ஏற்கெனவே இருக்கும், எல்லாம் குழம்பிவிடும்.

61 கட்டை கீபோர்டு போதுமா? போதும். பியானோவுக்கு 88 கட்டை. அடியில் சுரம் கிடைக்காத இடத்தில், அதையே ஒரு ஸ்தாயி (ஸ முதல் அடுத்த ஸ வரையான சுர வரிசை) மேலே வாசித்தால் சரி.

எந்தப் பாட்டில் தொடங்கலாம்? ஜெனசிஸின் 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' (1973) பியானோவிலேயே தொடங்குகிறது. ஆனால் விரலுக்குக் கடினம், நல்ல பயிற்சி வேண்டும். 'மணி' எளிது, அதன் பேஸ் நடை உடனே மனதில் ஒட்டும். மூலத்தில் அது கல்லாப்பெட்டிச் சத்தத்தோடு தொடங்குகிறது. மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் வாசிக்க இதைவிடப் பொருத்தமான பாட்டு கிடைக்காது!

எப்போது வாசிப்பது? இதற்கு முன்மாதிரி உங்கள் வட்டாரத்திலேயே இருக்கிறது. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் (1877–1945) மேல்நாட்டு இசைச் சாயலில் 'இங்கிலீஷ் நோட்டு' ஒன்றை அமைத்தார். அவருடைய சீடர் மதுரை மணி ஐயர் அதைக் கச்சேரிகளில் பாடிப் பாடி, ரசிகர்களே கேட்டு வாங்கும் உருப்படியாக்கினார். அது சின்ன உருப்படி. கனமானவை முடிந்தபின் துக்கடாக்களோடு (கச்சேரியின் கடைசியில் வரும் சிறு உருப்படிகள்) வரும். நீங்களும் தெரிந்த பாட்டுகளால் கூட்டத்தைச் சம்பாதித்த பிறகு, நான்கு நிமிடத்துக்குள் முடியும்படி ஒன்றை வையுங்கள். முகூர்த்த நேரம் நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் உரியது. அதில் கைவைக்க வேண்டாம்.

முன்கூட்டியே சொல்ல வேண்டுமா? கல்யாண வீட்டாரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள். கூட்டத்திடம் விளக்கம் வேண்டாம். "இது வேற மாதிரி இருக்கும்" என்று மைக்கில் சொன்னாலே காது மூடிக்கொள்ளும். யாராவது வந்து "என்ன பாட்டு தம்பி இது?" என்று கேட்டால், அப்போது பேர் சொல்லலாம்.

உரிமம் வாங்க வேண்டுமா? 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், கல்யாணத்தையொட்டிய கொண்டாட்டங்களில் இசை வாசிப்பதற்கு விலக்கு தருகிறது. டிக்கெட் போட்டு நடத்தும் கச்சேரிக்கு இந்த விலக்கு பொருந்தாது; அதற்கு உரிமைதாரரிடம் அனுமதி தேவை.

பாதியில் ஒருவர் வந்து இளையராஜா பாட்டு கேட்டால்? ராக் பாட்டை இழுக்காமல் நல்ல இடமாகப் பார்த்து முடித்துவிட்டு, அவர் கேட்டதை மனசார வாசியுங்கள். அப்படி வாசிப்பவருக்குத்தான் அடுத்த கல்யாணத்துக்கும் அழைப்பு வரும். தெரியாத பாட்டு இன்னொன்றுக்கும் இடம் கிடைக்கும்.