தஞ்சாவூர் வெயிலுக்குக் குளிர்புகை ஒத்துவருமா?

ஒரத்தநாடு பக்கமிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். பத்துப் பன்னிரண்டு வெள்ளாடு வைத்திருக்கிறார். கிடாவெட்டு முடிந்து மிஞ்சுகிற கறியை வந்த விலைக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறதாம். வெளிநாட்டில் பழைய பீப்பாயில் குளிர்புகை போட்டு இறைச்சியைப் பாதுகாப்பதை செல்போனில் பார்த்திருக்கிறார். அதற்கு அளவு கேட்கிறார்.

அளவு சொல்வது பெரிய வேலையில்லை. அதற்கு முன்னால் நான் கெடுத்த கறியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் இதே ஆசையில் கொல்லையில் ஒன்று கட்டினேன். ஒரு மூலையில் மண்ணடுப்பு, அங்கிருந்து பத்தடிக்கு மண்ணுக்குள் சுட்ட மண்குழாய், அதன் முடிவில் பீப்பாய். புகை குழாயில் வரும்போதே சூடு ஆறிப்போய், தொங்குகிற கறியில் படும். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. மாதம்தான் சித்திரை. மறுநாள் காலையில் நான்கு கிலோ கறியும் பிசுபிசுத்து, தொட்டால் நூல் விட்டது. குழி வெட்டிப் புதைத்தேன். வீட்டுக்காரம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தப்பு குழாயில் இல்லை. குளிர்புகை என்றால் கூண்டுக்குள் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அந்தச் சூட்டில் கறி வேகாது. உப்பும் காய்ச்சலும் புகையும் சேர்ந்துதான் அதைக் காக்கின்றன. ஐரோப்பாவின் வடக்கே பனிக்காலத்தில் செய்கிற வேலை அது. நம் டெல்டாவில் கோடையில் நிழலிலேயே 36, 38 டிகிரி. கூண்டுக்குள் நுழைகிற காற்றே சூடு. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் வளரும். பச்சைக் கறியை அதில் மணிக்கணக்கில் தொங்கவிடுவது கிருமிக்கு நாற்றங்கால் விடுவது மாதிரி. மார்கழி இரவில் குளிர்கிறதே என்பீர்கள். குளிர்கிறது, ஆனால் பனி ஈரத்தில் கறி காயாது. என் கறியாவது நாறிக் காட்டிக்கொடுத்தது. பொட்டுலினம் என்கிற கிருமியின் நஞ்சு வாடையே இல்லாமலும் இருக்கும், ஆளையே சாய்க்கும்.

சரி, வழியே இல்லையா? உண்டு. நமக்குத் தெரிந்த மாசிக் கருவாட்டை நினைத்துப் பாருங்கள். மாலத்தீவிலும் நம் லட்சத்தீவின் மினிக்காயிலும் சூரை மீனை முதலில் வேகவைத்து, பிறகு புகை போட்டு, கடைசியில் வெயிலில் காயவைக்கிறார்கள். அதுவும் வெப்பமான ஊர்தான். அங்கே பச்சையாகப் புகையில் போடுவதில்லை என்பதுதான் சூட்சுமம். நம் உப்புக்கண்டத்தோடு இந்த முறையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு கிலோ எலும்பில்லாத தொடைக்கறி. கொழுப்பை முழுக்க எடுத்துவிடுங்கள், கொழுப்புதான் முதலில் சிக்கு வாடை அடிக்கும். விரல் தடிமனுக்கு நீளவாக்கில் அரிந்து, 50 கிராம் பொடித்த கல்லுப்பும் மஞ்சள்தூளும் பிசறி, ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் கறி விடுகிற தண்ணீரிலேயே மூடி வேகவிட்டு, வற்றவிட வேண்டும். அரிந்து பார்த்தால் உள்ளே சிவப்பு தெரியக்கூடாது. பிறகு கம்பியில் கோத்துப் புகைக்கு.

புகைப்பானுக்கு 200 லிட்டர் இரும்புப் பீப்பாய் போதும். பூச்சிமருந்து, ரசாயனம் இருந்த பீப்பாய் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். உள்ளே பெயிண்ட் இருந்தால் வைக்கோல் போட்டு எரித்துத் தேய்த்துக் கழுவுங்கள். கறி கோக்க எவர்சில்வர் கம்பி. துத்தநாகம் பூசிய கம்பிவலை கூடாது. மூடியில் ஐந்தாறு துளை. பத்தடிக் குழாய் நமக்குத் தேவையில்லை, அடுப்புக்கும் பீப்பாய்க்கும் இரண்டடி இருந்தால் போதும். நமக்கு வேண்டியது 60, 70 டிகிரி சூடு. ஒரு தெர்மாமீட்டர் வாங்கி மூடித் துளையில் செருகி வையுங்கள். கையை விட்டுப் பார்த்துச் சொல்கிற கணக்கு இதற்கு உதவாது.

எரிபொருளுக்கு நாம் அலைய வேண்டாம், தேங்காய் மட்டையே நல்ல புகை தரும். தீ எரியக்கூடாது, கனன்றுகொண்டிருக்க வேண்டும். பிளைவுட், பெயிண்ட் அடித்த பலகை, அரளிக் குச்சி எதுவும் அடுப்பில் விழக்கூடாது, அரளி விஷம். கறுப்பாகத் தார் படிந்தால் புகை அதிகம் என்று அர்த்தம், துளையைப் பெரிதாக்குங்கள். நான்கைந்து மணி நேரம் புகை, பிறகு வலை மூடி இரண்டு மூன்று நாள் நல்ல வெயில். வளைத்தால் குச்சி மாதிரி ஒடிய வேண்டும். ஒரு கிலோ கறி ஏறக்குறைய 300 கிராமுக்கு வந்துவிடும். வேலைக்கு ஏற்ற காலம் மாசி முதல் வைகாசி வரை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொடவே வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதற்காகத்தான் இவ்வளவு நீட்டினேன். செத்த ஆட்டை மலிவாக அறுத்து உப்புக்கண்டம் போடுகிற பழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. அடைப்பான் நோயில் செத்த ஆட்டின் கிருமி வித்துகள் உப்பிலும் சாகாது, புகையிலும் சாகாது. திடீரென்று செத்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத ரத்தம் வழிந்தால் அந்த ஆட்டில் கத்தி படவே கூடாது. கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஒரத்தநாட்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

விற்கும் எண்ணம் இருந்தால், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யாமல் பொட்டலம் போடாதீர்கள். தஞ்சாவூர் புதுக்கோட்டை சாலையில் இருக்கிற தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் விசாரித்து, ஈரப்பதம் பார்த்துக்கொள்வது நல்லது. அதற்கெல்லாம் முன்னால், கிடாவெட்டு வரைக்கும் காத்திருக்காமல் ஒரு கிலோ கறி வாங்கிச் செய்து பாருங்கள். கெட்டாலும் ஒரு கிலோவோடு போகும்.