அவசரமும் முக்கியமும்: செய்பணிப் பட்டியலில் முன்னுரிமைப் படிகளை அமைத்தல்

1954ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் இரண்டாம் பேரவை அமெரிக்காவின் எவன்ஸ்டன் நகரில் கூடியது. அங்கு உரையாற்றிய அன்றைய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர், முன்னாள் கல்லூரித் தலைவர் ஒருவரின் கருத்தாக ஒன்றை எடுத்துரைத்தார். மனிதன் எதிர்கொள்ளும் சிக்கல்களில் அவசரமானவை ஒரு வகை, முக்கியமானவை மற்றொரு வகை. இவ்விரண்டும் ஒன்றாக அமைவதில்லை என்பதே அதன் சாரம். பின்னர் ஸ்டீபன் கோவி 1989இல் வெளியிட்ட நூலின் வாயிலாக இப்பாகுபாடு நான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணையாக உலகெங்கும் பரவிற்று.

இன்று நம்மில் பலர் அன்றாட வேலைகளைக் குறிப்பேட்டில் எழுதுவதற்கு மாறாகக் கைபேசியிலும் கணினியிலும் பதிந்து வைக்கிறோம். இதற்கென உள்ள செய்பணிப் பட்டியல் மென்பொருள்களில் பெரும்பாலானவை ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முன்னுரிமைப் படியைக் குறிக்க இடமளிக்கின்றன. அப்படிகளை நமக்கேற்ப எவ்வாறு அமைத்துக்கொள்வது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம். இது கருவியைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. நாம் எதை முதலில் செய்கிறோம், எதைத் தள்ளிப்போடுகிறோம் என்பதை, நாம் அறியாமலே அம்மென்பொருளை எழுதியவர் முடிவு செய்துவிடக்கூடும். அதனாலேயே இப்பொருள் நம் கவனத்திற்குரியதாகிறது.

1. படிகள் எத்தனை?

வேலைகளை ஏ, பி, சி என மூன்றாகப் பிரிக்கும் முறையை ஆலன் லேக்கின் 1973இல் வெளிவந்த தமது நூலில் பரப்பினார். மென்பொருள்களோ இதில் ஒருமித்த கருத்துடையன அல்ல. கூகுள் டாஸ்க்ஸ் விண்மீன் குறி ஒன்றை மட்டும் தருகிறது. ஆப்பிள் நிறுவனத்தின் ரிமைண்டர்ஸ் மூன்று படிகளைத் தருகிறது. டுடூயிஸ்ட் நான்கு படிகளைத் தருகிறது. ஜீனா டிரபானி 2006இல் உருவாக்கிய டூடூ.டெக்ஸ்ட் முறையிலோ ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துகளும் படிகளாகப் பயன்படும்.

படிகள் பெருகினால் நுட்பம் பெருகும் என எண்ணத் தோன்றும். உண்மை அதற்கு மாறானது. ஒரு வேலை ஐந்தாம் படியா, ஆறாம் படியா என நின்று யோசிக்கும் நேரத்தில் அவ்வேலையின் ஒரு பகுதியையே முடித்துவிடலாம். மேலும், ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றிற்கு வேலைகளை மாற்றும்போது இந்நுட்பம் நிலைப்பதில்லை. நாட்காட்டிச் செய்திகளைப் பரிமாறுவதற்கென 2009இல் வெளியான ஐகேலண்டர் பொதுத்தரம் முன்னுரிமையை 1 முதல் 9 வரையுள்ள எண்களால் குறிக்கிறது. 1 மிக உயர்ந்தது. 9 மிகத் தாழ்ந்தது. ஆனால் மூன்றே படிகள் உள்ள மென்பொருளில் 1 முதல் 4 வரை உயர்வு எனவும், 5 நடுத்தரம் எனவும், 6 முதல் 9 வரை தாழ்வு எனவும் கொள்ளப்படும். நாம் அரிதின் முயன்று 1 என்றும் 4 என்றும் வேறுபடுத்திய வேலைகள் அங்கு ஒன்றாகிவிடும். எனவே மூன்று படிகளே போதும் என்பது நமது கருத்து.

2. குறியிடாத வேலையின் இடம்

படிகளின் எண்ணிக்கையை விட முக்கியமானதும், பலரும் கவனியாததுமான வினா ஒன்று உண்டு. எந்தப் படியும் குறிக்கப்படாத வேலை எங்கு நிற்கிறது?

டுடூயிஸ்டில் குறியிடாத வேலை நான்காம் படியில், அதாவது கடைசியில் நிற்கும். அங்கு ஒரு வேலையை உயர்த்த முடியுமேயன்றி, மற்றவற்றிற்குக் கீழாகத் தாழ்த்த முடியாது. ஈமாக்ஸ் என்னும் மென்பொருளில் இயங்கும் ஆர்க் மோடு வேறு வழியைக் கொள்கிறது. 2003இல் கார்ஸ்டன் டொமினிக் தொடங்கிய இதில் ஏ, பி, சி என்னும் மூன்று படிகள் உண்டு. குறியிடாத வேலை நடுப்படியாகிய பி எனக் கருதப்படும். ஆகவே ஒன்றை உயர்த்தவும் இயலும், தாழ்த்தவும் இயலும். ஐகேலண்டரிலோ 0 என்னும் எண் முன்னுரிமை வரையறுக்கப்படவில்லை எனப் பொருள்படும்.

இவற்றுள் நடுப்படி முறையே நமக்கு உகந்தது. நாள்தோறும் வரும் வேலைகளில் பெரும்பாலானவை நடுத்தரமானவையே. அவற்றிற்குக் குறி தேவையில்லை. மேலே செல்ல வேண்டிய சிலவற்றையும், விட்டுவிட்டாலும் தீங்கில்லாத சிலவற்றையும் மட்டும் குறித்தால் போதும். ஆர்க் மோடில் இவ்வமைப்பை மாற்ற விரும்புவோர் கோப்பில் ஒரே ஒரு வரியை எழுதினால் போதும். மிக உயர்ந்த படி, மிகத் தாழ்ந்த படி, இயல்பான படி ஆகிய மூன்றையும் அவ்வரி இதே முறைவரிசையில் அறிவிக்கும்.

3. நாளும் முன்னுரிமையும்

இனி நாம் தொடக்கத்தில் கண்ட வேறுபாட்டிற்கு வருவோம். டாஸ்க்வாரியர் என்னும் மென்பொருள் ஒவ்வொரு வேலைக்கும் அவசர மதிப்பெண் ஒன்றைக் கணக்கிட்டு, அதன்படி வேலைகளை வரிசைப்படுத்துகிறது. அதனை உருவாக்கியோர் தந்துள்ள அமைப்பில் உயர்ந்த முன்னுரிமைக்கு 6, நடுத்தரத்திற்கு 3.9, தாழ்ந்ததற்கு 1.8 என மதிப்பெண் சேரும். கெடுநாள் குறித்த வேலைக்கோ, அந்நாள் நெருங்க நெருங்க மதிப்பெண் ஏறி, கெடு கடந்து ஒரு வாரம் ஆனதும் 12ஐ எட்டும்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். ஓர் ஆயர் தம் பட்டியலில் இரு வேலைகளை எழுதுகிறார். நோயுற்றுப் படுக்கையிலிருக்கும் முதியவரைச் சந்தித்தல் ஒன்று. இதற்கு உயர்ந்த முன்னுரிமை தருகிறார். ஆனால் நாள் குறிக்கவில்லை. மற்றொன்று மின்கட்டணம் செலுத்துதல். இதற்கு முன்னுரிமை எதுவும் இல்லை. இன்று கடைசி நாள். பிற சிறு கணக்குகளை நீக்கிப் பார்த்தால், முதல் வேலை 6 பெறும். இரண்டாவது ஏறத்தாழ 8.8 பெற்று முந்தி நிற்கும்.

மின்கட்டணம் இன்று முந்துவதில் தவறில்லை. ஆனால் நாளைக்கு ஓர் அறிக்கை, மறுநாள் ஒரு படிவம், அதற்கடுத்த நாள் ஒரு குழுக்கூட்டம் எனக் கெடுநாள் உடைய ஏதேனும் ஒன்று ஒவ்வொரு நாளும் முந்திக்கொண்டே இருக்கும். முதியவரைச் சந்திப்பதற்குக் கெடுநாள் இல்லை எனப் பட்டியல் கருதுகிறது. உண்மையில் கெடு உண்டு. அதை நாம் முன்னதாக அறிவதில்லை, அவ்வளவே. அந்நாள் கடந்த பின்னர், அவ்வரியை அடித்துவிடுவதன்றி நாம் செய்யக்கூடியது யாதொன்றும் இல்லை.

4. நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, ஒவ்வொரு படிக்கும் பொருளை வரையறுத்தல் வேண்டும். உயர்வு, தாழ்வு என்னும் சொற்கள் அன்றைய மனநிலைக்கேற்ப மாறும். அவற்றிற்குப் பதிலாக ஒரு வினாவை வைப்போம்: இவ்வேலை செய்யப்படாவிட்டால் யாருக்கு என்ன இழப்பு? ஈடுசெய்ய இயலாத இழப்பு எனில் அது மேற்படி. ஈடுசெய்யக்கூடியது எனில் குறியில்லாத நடுப்படி. ஒருவருக்கும் இழப்பில்லை எனில் கீழ்ப்படி. எப்போது முடிக்க வேண்டும் என்னும் வினாவுக்குக் கெடுநாளே விடை கூறும். முன்னுரிமை அதற்கு விடை கூற வேண்டுவதில்லை.

இரண்டாவது, கெடுநாளின் ஆட்சியிலிருந்து மேற்படி வேலைகளை விடுவித்தல் வேண்டும். டாஸ்க்வாரியரில் உயர்ந்த முன்னுரிமையின் மதிப்பெண்ணை நாமே 15 என மாற்றி, கெடுநாளின் 12ஐ விஞ்சச் செய்யலாம். தாழ்ந்த முன்னுரிமைக்கு எதிர்ம எண்ணைத் தந்து, குறியிடாத வேலைகளுக்கும் கீழாக அதனை இறக்கலாம். டுடூயிஸ்டில் நான்கு படிகளுக்குள் நின்றே, முதற்படியில் உள்ளனவும் நாள் குறிக்கப்படாதனவுமாகிய வேலைகளை மட்டும் காட்டும் வடிகட்டியை அமைக்கலாம். நாள்தோறும் காலையில் முதலாவதாக அதனைத் திறந்து பார்ப்பது நலம். படிகளே இல்லாத மென்பொருளிலும் விண்மீன் குறியை இப்பொருளில் மட்டும் வழங்குவது எனத் தீர்மானித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, மேற்படிக்கு எல்லை வகுத்தல் வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று வேலைகளுக்கு மேல் அங்கு இருத்தல் ஆகாது எனக் கொள்வோம். நான்காவது ஒன்று வருமாயின், இருப்பவற்றுள் ஒன்றை இறக்கிய பின்னரே அதனை ஏற்ற வேண்டும். எல்லா வேலைகளும் சிவப்பு நிறத்தில் எரியும் பட்டியலில் முன்னுரிமை என ஒன்று இல்லை. அங்கு உரத்துக் கூப்பிடுபவருக்கே முதலிடம் கிடைக்கும்.

நான்காவது, வாரம் ஒருமுறை படிகளைத் திருத்துதல் வேண்டும். மூன்று வாரங்களாக மேற்படியிலேயே நின்றும் நாம் தொடாத வேலையைக் குறித்து நம்மை நாமே கேட்க வேண்டும். அது உண்மையில் மேற்படிக்கு உரியதன்று. அன்றேல் நாம் அதனைத் தவிர்த்து வருகிறோம். இவ்விரண்டில் எது உண்மை என்பதை எந்த மென்பொருளும் நமக்குக் கூறாது.

முடிவாக, மென்பொருள் நாம் தரும் எண்களைக் கூட்டி வரிசைப்படுத்தும். அவ்வளவே அதனால் இயலும். கேட்டு வருவோருக்கும் கெடு வைப்போருக்கும் நம் நாட்களில் இடம் எளிதாகக் கிடைத்துவிடுகிறது. கேளாமல் காத்திருப்போருக்கு இடம் வேண்டுமாயின், அதனை நாமே முன்னதாக ஒதுக்கி வைத்தல் வேண்டும். முன்னுரிமைப் படிகளை நமக்கேற்ப அமைப்பதன் பயன் இதுவே. அமைப்புப் பக்கத்தைத் திறந்து அதனைச் செய்து முடிக்க அரைமணி நேரம் போதும்.