கரைக் குரல் எட்டாத தூரம்

கொடிகாமம் சந்தையடியிலிருந்து கச்சாய் வீதியால் தெற்கே போனால், தென்னங்காணிகள் முடிகிற இடத்தில் கடல்நீரேரி தெரியும். வள்ளத்தில் ஏறுகிற சின்னப் பெடியனிடம் எடுத்த எடுப்பில் எவரும் சுக்கானைக் கொடுக்கமாட்டார்கள். முதலில் தண்ணீர் இறைக்கவேண்டும், பிறகு கயிறு பிடிக்கவேண்டும். எந்த வயதில் எதைக் கையில் கொடுப்பது என்ற கணக்கு எங்கள் கரைகளுக்குப் புதிதல்ல.

பாய்ப்படகுப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்குகிறவர்கள் அந்தக் கணக்கை விளையாட்டு உளவியலைக் கொண்டு போட்டுப் பார்க்கிறார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. உதைபந்தாட்டப் பயிற்றுநர் கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்தலாம். பாய்ப்படகில் அது நடவாது. போட்டி தொடங்கிவிட்டால், ஆபத்து நேரம் போன்ற சில விலக்குகள் தவிர, வெளியிலிருந்து உதவி பெறக்கூடாது என்கிறது சர்வதேச விதிகளின் 41ஆம் விதி. பத்து வயதுப் பிள்ளை காற்றோடும் தன் பயத்தோடும் தனியே இருக்கும். சொல்லவேண்டியதைக் கரையிலேயே சொல்லிவிடவேண்டும்.

சிறுவர்கள் தொடங்குவது ‘ஒப்டிமிஸ்ட்’ என்ற படகில். 1947இல் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வடிவமைத்தது, நீளம் 2.3 மீற்றர் அளவு, ஒரேயொரு பாய், ஒரேயொரு பிள்ளை. போட்டிகளில் 15 வயது வரை ஓட்டலாம். நல்ல பயிற்றுநர் ஆரம்பத்திலேயே படகை வேண்டுமென்று கவிழ்க்கச் சொல்வார். கவிழ்ந்து, நிமிர்த்தி, இறைத்து, மறுபடி ஏறிய பிள்ளைக்குப் பயம் பாதியாகிவிடும். இந்த வயதில் ஒரு நேரத்தில் ஒரு விடயந்தான். “காற்று எந்தக் கன்னத்தில் படுகுது?” என்று கேட்டால் போதும், விளக்கவுரை வேண்டாம்.

சிக்கல் பன்னிரண்டு வயதுவாக்கில் வருகிறது. ஜோன் நிக்கொல்ஸ் என்ற உளவியலாளர் 1970களின் இறுதியில் ஒன்றைக் கவனித்தார். சின்னப் பிள்ளைகளுக்கு முயற்சியும் திறமையும் ஒன்று. கடுமையாக முயன்றவன்தான் கெட்டிக்காரன். பதினொன்று, பன்னிரண்டு வயதில் அந்த நம்பிக்கை உடைகிறது. அலட்டிக்கொள்ளாமல் வெல்கிறவனும் உண்டு, உயிரைக் கொடுத்தும் தோற்கிறவனும் உண்டு என்று தெரியவருகிறது. அதன்பிறகு சில பிள்ளைகள் முயற்சி செய்யாததுபோல நடிக்கத் தொடங்குவார்கள். முயன்று தோற்றால் ‘திறமை இல்லை’ என்றாகிவிடுமே! பெரியவர்கள் அதைச் சோம்பல் என்று திட்டுவோம். அது சோம்பலே அல்ல, மானம் காக்கிற வேலை.

போதாக்குறைக்கு இந்த வயதில் உடம்பும் ஒரே சீராக வளர்வதில்லை. பலத்த காற்றில் பாரமான பிள்ளைக்கு வசதி, மென்காற்றில் இலேசான பிள்ளைக்கு. பக்கத்துப் படகோடு ஒப்பிடுவது அநியாயம். நேற்றைய தொடக்கத்தைவிட இன்றையது எப்படி என்று கேட்பதே முறை.

எத்தனை வயதில் இந்த ஒரே விளையாட்டில் இறங்குவது? சென்னையின் நேத்ரா குமணன் பரதம், டென்னிஸ், கூடைப்பந்து என்று பலதையும் தொட்டுப் பார்த்து, பன்னிரண்டு வயதளவில் ஒரு கோடைக்காலப் பயிற்சி முகாமில் பாய்ப்படகுக்கு வந்தவர். ஒலிம்பிக் பாய்ப்படகுக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண். டோக்கியோவில் 35ஆம் இடம், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 21ஆம் இடம். வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணனின் கதை வேறு. தகப்பனே இராணுவத்துப் பாய்ப்படகு வீரர், சிறுவயதிலேயே அவரிடம் பழகினார். டோக்கியோவில் 20ஆவது, பாரிஸில் 18ஆவது. இரண்டு வழியாலும் ஆட்கள் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். ஆனாலும் பன்னிரண்டு வயது வரை பலதையும் விளையாடவிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

பதினாறு தாண்டியவர்களுக்கு மூச்சுப் பயிற்சி, தொடக்கக் கோட்டைக் கண்மூடி மனதில் ஓட்டிப் பார்ப்பது, நாட்குறிப்பு எல்லாம் பொருந்தும். கணக்குமுறையும் கைகொடுக்கும்: முதலாமிடத்துக்கு 1 புள்ளி, இருபதாமிடத்துக்கு 20, குறைந்த புள்ளிக்காரரே வெற்றியாளர். பல ஓட்டங்கள் கொண்ட தொடரில் பெரும்பாலும் மிக மோசமான ஓட்டத்தைக் கழித்துவிடுவார்கள். அதை மனமும் கழிக்கிறதா என்பதில்தான் அடுத்த ஓட்டம் இருக்கிறது.

எங்கள் நீரேரியில் பல இடங்களில் ஆழம் குறைவு. வைகாசியில் சோளகம் எழும். கவிழப் பழகுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல வகுப்பறை எங்கே? கரையில் நிற்கிற அப்பாமாருக்கும் ஒரு பயிற்சி தேவைப்படும். படகு மணலில் தட்டியதும் வாயில் முதலில் வருவது, “எத்தனையாவதா வந்தனீ?” அதை விழுங்கிக்கொண்டு, “காத்து எப்பிடி இருந்தது?” என்று கேட்கவேண்டும்.