‘பாதி வழி நரகம்’ கிளப்!

பைக் கிளப், டான்ஸ் கிளப், போட்டோகிராபி கிளப்னு எத்தனையோ பார்த்திருப்பீங்க. வேலை செய்யும்போது உயரத்திலிருந்து விழுந்தால் மட்டுமே மெம்பராக முடிகிற கிளப் ஒன்று இருந்தது தெரியுமா?

1933-ல் அமெரிக்காவின் சான்ஃபிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலத்தைக் கட்ட ஆரம்பிச்சாங்க. அப்போ கட்டுமானத் துறையில் ஒரு கொடூரமான கணக்கு உண்டு. பத்து லட்சம் டாலர் வேலைக்கு ஒரு உயிர் போகும்! ‘உயரத்துல வேலைன்னா அப்படித்தான்’னு எல்லோரும் பழகிட்டாங்க. அந்தக் கணக்குப்படி மூன்றரைக் கோடி டாலர் பாலத்துக்கு 35 உயிர்.

தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் இதை ஏத்துக்கலை. எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். உயரத்தில் நின்று சாகசம் காட்டினால் வேலை காலி! முக்கியமா, பாலத்துக்கு அடியில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை சர்க்கஸ் மாதிரி வலை. அதற்கு மட்டும் 1,30,000 டாலருக்கு மேல் செலவு. தவறி விழுந்த 19 பேரை அந்த வலை தாங்கியது. அவங்க தங்களுக்கு வெச்சுக்கிட்ட பேர்தான், ‘பாதி வழி நரகம் கிளப்’!

ஆனா, 1937 பிப்ரவரி 17 அன்று பல டன் எடையுள்ள வேலை மேடை ஒன்று பிடிமானம் விட்டு வலை மேல் விழுந்தது. வலை கிழிந்து 12 பேர் கடலில் விழ, 10 பேர் இறந்தார்கள். முந்தைய வருடம் இறந்தவரையும் சேர்த்து மொத்தம் 11 பேர். வலை ஆளைத் தாங்கும், மேடையைத் தாங்காது. விழுந்த பிறகு காப்பாற்றுவது கடைசி வழிதான். விழாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை.

இன்று அமெரிக்க விதிப்படி, கட்டுமான இடத்தில் 6 அடி உயரத்துக்கே தடுப்புக் கம்பியோ, வலையோ, உடலில் மாட்டும் பாதுகாப்பு ஹார்னஸோ வேண்டும்.

சிவில் படிக்கிற மக்களே... நாளைக்கு நீங்கதான் சைட் இன்ஜினீயர். டிரெயினிங் போகும்போதே கண்ணைத் திறந்து வெச்சுக்குங்க. சாரத்துல பலகை ஆடுதா? லிஃப்ட் குழி மூடாம கிடக்கா? மாடி ஓரத்துல தடுப்பு இருக்கா? நடக்கிற வழியில கம்பித் துண்டு சிதறிக் கிடக்கா? தலையில் கலவைச் சட்டியோடு வர்ற சித்தாளுக்குத் தன் காலடி சரியாத் தெரியாது. ‘பார்த்து நடம்மா’ன்னு சொல்றதைவிட, வழியைச் சுத்தம் பண்றது உருப்படியான வேலை.

‘கட்டட வேலைன்னா விழறது சகஜம் சார்’னு யாராவது சொன்னா, 35 என்ற கணக்கு 11 ஆன கதையைச் சொல்லுங்க. அந்த 11-ம் தவிர்த்திருக்கக்கூடியதுதான்னு சேர்த்துச் சொல்லுங்க!