பத்துப் புலி பலம்

"பாட்டி, இந்த ஃபேண்டமுக்குப் பத்துப் புலியோட பலம் இருக்கு, தெரியுமா?"

கோடை விடுமுறைக்கு ஆவடியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த பேத்தி கேட்டாள். நான்காம் வகுப்பு முடித்தவள். அப்பாவின் செல்போனில் ஏதோ பழைய கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஊதா நிற உடை, கண்ணை மறைக்கும் முகமூடி, இடுப்பிலே மண்டையோட்டு பெல்ட். அட, நம்ம வேதாளர்!

"இவரை எனக்குச் சின்ன வயசிலேயே தெரியும். இவருக்குப் புலி பலமும் கிடையாது, பூனை பலமும் கிடையாது. நம்மைப் போலச் சாதாரண மனுஷன்தான்" என்றேன்.

"போங்க பாட்டி! இப்பதான் கண்ணால பார்த்தேன். ஒரே குத்துல இயந்திர மனுஷனை நொறுக்கிட்டார்!"

அவள் சொன்னதும் சரி. நான் சொன்னதும் சரி. எப்படி என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன், குழந்தைகளே.

என் அப்பா ஆவடி டாங்கி தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 'விஜயந்தா' என்ற டாங்கி 1965-இல் வெளிவந்தது அங்கேதான். தொழிற்சாலைக் குடியிருப்பில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். ஒருவர் காமிக்ஸ் வாங்கினால் போதும், அது குடியிருப்பு முழுக்கச் சுற்றிவிட்டு, அட்டை இல்லாமல்தான் வாங்கியவர் கைக்குத் திரும்பும். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-இல் வரத் தொடங்கியது. முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும்! பிறகு அதே முத்து காமிக்ஸில் வந்தவர்தான் வேதாளர்.

இங்கே ஒரு குழப்பம். பின்னாளில் நான் ஆசிரியை ஆன பிறகு, வகுப்பில் கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தவர்களிடமிருந்து ராணி காமிக்ஸ் சிலவற்றைப் பறித்திருக்கிறேன். (திருப்பிக் கொடுக்கும் முன் நானும் படித்துவிடுவேன். அது வேறு விஷயம்!) அதில் இதே முகமூடிக்காரருக்கு 'மாயாவி' என்று பெயர். ஆகவே தமிழில் மாயாவி என்றால் இரண்டு பேர். இரும்புக்கை ஒருவர், முகமூடி ஒருவர். உங்கள் அப்பாவையோ மாமாவையோ கேட்டுப் பாருங்கள், எந்தக் கடையில் எந்தப் புத்தகம் வாங்கினாரோ அதற்கேற்ற பதில்தான் வரும்.

அமெரிக்காவைச் சேர்ந்த லீ ஃபாக் என்பவர் 1936-இல் இவரைப் படைத்தார். சூப்பர்மேன் பிறந்ததே 1938-இல்தான். அப்படியென்றால் உடலோடு ஒட்டிய உடை போட்ட வீரர்களில் நம் வேதாளர் சூப்பர்மேனுக்கே அண்ணன்!

கதை இதுதான். 1536-ஆம் ஆண்டு கடற்கொள்ளையர் ஒரு கப்பலைத் தாக்குகிறார்கள். தப்பிக் கரையேறிய இளைஞன், தன் தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின் மீது ஆணையிட்டு, தானும் தன் வழித்தோன்றல்களும் கொள்ளையையும் கொடுமையையும் எதிர்ப்போம் என்கிறான். அவனுக்குப் பிறகு மகன், மகனுக்குப் பிறகு பேரன் என்று ஒருவர் பின் ஒருவராக அதே உடையை அணிந்து வருகிறார்கள். நாம் படிக்கும் கதைகளில் இருப்பவர் 21-ஆவது வேதாளர்.

காட்டு மக்களுக்கு இந்த ரகசியம் தெரியாது. நானூறு ஆண்டுகளாக ஒரே ஆள்தான் சாகாமல் உலவுகிறார் என்று நினைக்கிறார்கள். இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து அவரைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அப்படிச் சொல்லும் பேச்சுகளில் ஒன்றுதான் 'அவருக்குப் பத்துப் புலிகளின் பலம்' என்பது!

புரிகிறதா? அது ஊர்ப்பேச்சு. நம்மூரில் "அவன் யானை பலம் கொண்டவன்" என்று சொல்வதில்லையா, அது மாதிரி. புத்தகத்தில் அவரிடம் இருப்பது இரண்டு கைத்துப்பாக்கி, மண்டையோட்டு மோதிரம், 'ஹீரோ' என்ற குதிரை, 'டெவில்' என்ற ஓநாய். அடிபட்டால் ரத்தம் வரும். மயங்கி விழுவார், கட்டிப் போட்டால் மாட்டிக்கொள்வார். இதெல்லாம் காட்டு மக்களுக்குத் தெரியாது. படிக்கிற நமக்குத் தெரியும். ரகசியத்தில் நமக்கும் பங்கு உண்டு என்பதுதான் அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்ததே.

இப்போது தொலைக்காட்சிக்கு வருவோம். அமெரிக்காவில் 1986-இல் 'டிஃபெண்டர்ஸ் ஆஃப் தி எர்த்' என்ற கார்ட்டூன் தொடர் வந்தது. மொத்தம் 65 பகுதிகள். பேத்தி பார்த்தது இதைத்தான். விண்வெளி வீரர் ஃபிளாஷ் கார்டன், மந்திரவாதி மாண்ட்ரேக், அவருடைய நண்பர் லோதார், வேதாளர் என்று நால்வரும் ஒரே அணி. எதிரி மிங் என்ற விண்வெளிச் சக்கரவர்த்தி. கதை நடப்பது 2015-இல். அதைத் தயாரித்தபோது அது வருங்காலம். அந்த 2015 வந்தும் போய்விட்டது, மிங் வரவில்லை!

யோசித்துப் பாருங்கள். ஒருவர் ராக்கெட்டில் பறக்கிறார், ஒருவர் மந்திரம் போடுகிறார், எதிரே வருவது இயந்திரப் படை. நடுவே குதிரையோடும் இரண்டு துப்பாக்கியோடும் நம்ம ஆள் என்ன செய்வார்? அதிலும் அந்தக் காலத்தில் குழந்தைகளுக்கான அமெரிக்கக் கார்ட்டூன்களில் மனிதர்களைத் துப்பாக்கியால் சுடுவதைக் காட்டத் தயங்குவார்கள். அப்புறம் அவருக்கு என்னதான் மிச்சம்?

எழுதியவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஊர்ப்பேச்சாக இருந்த பத்துப் புலி பலத்தை நிஜமாகவே ஆக்கிவிட்டார்கள். ஆபத்து வந்தால் காட்டின் சக்தியை உரக்க அழைப்பார். உடனே உடம்பில் புலி பலம் ஏறும். கெட்டிக்காரத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். புத்தகத்தில் இல்லாததை எங்கிருந்தோ கொண்டுவரவில்லை, அதில் கிடந்த ஒரு வரியை எடுத்துத்தான் செய்தார்கள். ஆனால் அதோடு ரகசியம் போயிற்று. புத்தகம் படித்தபோது நாம் விஷயம் தெரிந்தவர்கள். கார்ட்டூன் பார்க்கும்போது நாமும் அந்த நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து நம்புகிறவர்களாகிவிடுகிறோம்.

இன்னொரு மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது. புத்தகத்தில் பட்டம் தந்தையிடமிருந்து மகனுக்குத்தான் போகும். (17-ஆவது வேதாளருக்கு முடியாமல் போனபோது அவருடைய சகோதரி ஜூலி அந்த உடையை அணிந்து சமாளித்த கதை ஒன்று உண்டு. உடம்பு தேறியதும் உடை அண்ணனுக்கே!) கார்ட்டூனில் வேதாளருக்கு ஜெட்டா என்று ஒரு மகள். அவளும் அப்பாவின் அணியில் நின்று சண்டை போடுகிறாள். சின்ன வயதில் குடியிருப்பு மைதானத்தில் நாங்கள் வேதாளர் விளையாட்டு விளையாடும்போது, என்னை எப்போதும் யாராவது கடத்திக்கொண்டு போவதற்கென்றே நிறுத்தி வைப்பார்கள். ஜெட்டாவை அன்றைக்கே தெரிந்திருந்தால் விட்டிருப்பேனா?

1994-இல் 'ஃபேண்டம் 2040' என்று வேறொரு தொடரும் வந்தது. அதில் 24-ஆவது வேதாளர், ஒரு கல்லூரி மாணவர். காடு போய்ப் பெரிய நகரம் வந்துவிட்டது. சுற்றுச்சூழலை அழிக்கும் பெரிய நிறுவனம்தான் எதிரி. கடற்கொள்ளையருக்குப் பதில் புகை!

காமிக்ஸ் வீரர்களை மாற்றுவது தொலைக்காட்சி மட்டும் செய்கிற வேலை இல்லை. நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 1964-இல் மும்பையிலிருந்து 'இந்திரஜால் காமிக்ஸ்' வேதாளர் கதையோடு தொடங்கியது. வேதாளர் வாழும் நாட்டின் பெயர் நம் வங்காளத்தை நினைவுபடுத்துவது போல இருந்ததால், அதை 'டென்காலி' என்று மாற்றினார்கள். 'சிங்' என்றிருந்த கொள்ளைக்கூட்டத்தின் பெயரை 'சிங்கா' ஆக்கினார்கள். படிக்கும் இந்தியப் பிள்ளைகள் மனம் நோகக்கூடாதல்லவா!

மற்ற வீரர்கள் பாடு என்ன? பேட்மேன் முதலில் வந்தது 1939-இல். இருட்டில் உலவும் கடுகடுப்பான ஆள். 1966-இல் அவரைத் தொலைக்காட்சித் தொடராக்கியபோது ஒரே சிரிப்பும் கும்மாளமும். குத்து விழுந்தால் அந்தச் சத்தம் பெரிய எழுத்தில் திரையில் வரும்! இதில் ஒரு வேடிக்கை. பேட்மேனின் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஆல்ஃபிரட் இருக்கிறாரே, அவரைப் புத்தகத்தில் 1964-லேயே சாகடித்திருந்தார்கள். தொலைக்காட்சிக்கு அவர் வேண்டியிருந்தது. உடனே புத்தகத்திலும் பிழைத்து எழுந்துவிட்டார். புத்தகத்தைத் தொலைக்காட்சி மாற்ற, தொலைக்காட்சியைப் புத்தகம் பின்பற்றியது!

ஹல்க் 1977-இல் தொடராக வந்தபோது, லூ ஃபெரிக்னோ என்ற கட்டுடல் வீரருக்குப் பச்சைச் சாயம் பூசி நடிக்க வைத்தார்கள். புத்தகத்தில் பேசும் ஹல்க் இதில் உறுமுவதோடு சரி.

ஜப்பான்காரர்கள்தான் எல்லாரையும் மிஞ்சினார்கள். 1978-இல் அங்கே வந்த ஸ்பைடர்மேன் தொடரில் ஸ்பைடர்மேனுக்கு மலை போல ஓர் இயந்திர மனிதன் துணை! பெயர் லியோபர்டான். விண்கலமாக வந்து இயந்திர மனிதனாக உருமாறும். அமெரிக்கப் புத்தகத்தில் இது கிடையவே கிடையாது. ஆனால் ஜப்பான் பிள்ளைகள் கொண்டாடினார்கள். அதே நிறுவனம் அடுத்த ஆண்டே, வண்ண வண்ண உடை போட்ட வீரர்கள் கூட்டமாக வரும் தன்னுடைய வேறொரு தொடரிலும் பெரிய இயந்திர மனிதனைச் சேர்த்தது. அந்த வரிசையில் வந்த ஜப்பானியக் காட்சிகளை வைத்துத்தான் 1993-இல் அமெரிக்காவில் பவர் ரேஞ்சர்ஸ் உருவானது. பவர் ரேஞ்சர்ஸ் இயந்திர மனிதனுக்கு ஸ்பைடர்மேன் தூரத்துச் சொந்தம் என்று உங்கள் வகுப்பில் சொல்லிப் பாருங்கள், ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

நம் நாட்டில் நடந்தது தலைகீழ். சக்திமான் முதலில் தொலைக்காட்சியில்தான் பிறந்தார். 1997-இல் தூர்தர்ஷனில் தொடங்கி 2005 வரை வந்தார். நடித்தவர் முகேஷ் கன்னா. அசட்டுப் புகைப்படக்காரர் கங்காதர், ஒற்றைக் கையை உயர்த்திப் பம்பரமாகச் சுழன்றால் சக்திமான்! காமிக்ஸ் புத்தகம் பிறகுதான் வந்தது.

அந்த நாட்களில் எங்கள் பள்ளியில் மணி அடித்தால் போதும், மைதானம் முழுக்கச் சக்திமான்கள். சுழன்று சுழன்று தலை சுற்றி விழுவார்கள். "இதெல்லாம் பொய், போய் வாய்ப்பாடு படிங்க" என்று விரட்டினேன். அதோடு என் கடமை முடிந்ததாக நினைத்துக்கொண்டேன்.

1998 என்று நினைவு. என் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தண்ணீர்த் தொட்டித் திட்டின் மேல் ஏறி, கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, சுழன்று குதித்தான். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்தது. மாவுக்கட்டோடு இருந்தவனை மாலையில் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். திட்டக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

"ஏண்டா, உன் பையில எத்தனை காமிக்ஸ் பிடிச்சிருக்கேன்! அதைப் படிச்சுட்டு நீ ஒரு நாளும் குதிச்சதில்லையே?"

"அது வரைஞ்ச படம், டீச்சர். இவர் நிஜ ஆளு. நிஜமா பறக்குறாரு."

எனக்குப் பதில் வரவில்லை. 'பொய்' என்று சொன்னேனே தவிர, அந்தப் பொய்யை எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு நாளும் சொல்லித் தரவில்லை. சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பி வேறு ஊர்களிலும் பிள்ளைகள் விபரீத வேலைகளில் இறங்கியதாக அப்போது பத்திரிகைகளில் செய்திகள் வந்தன. முகேஷ் கன்னாவே தொடரில் தோன்றி, இப்படிச் செய்யாதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டி வந்தது.

மறுவாரம் வகுப்புக்கு ஒரு நீலப் போர்வையும், தலையாட்டிப் பொம்மை ஒன்றும், கறுப்பு நூலும் கொண்டு போனேன். கறுப்பு நூல் பளிச்சென்று தெரிந்தது. நீல நூலுக்கு மாற்றினேன். நூல் போர்வையோடு கலந்து மறைய, பொம்மை பறந்தது! நிஜப் படப்பிடிப்பிலும் நீலத் திரைக்கு முன்னால் ஆளைக் கம்பியில் தொங்கவிட்டுப் படம் பிடித்து, நீலம் இருக்கும் இடத்திலெல்லாம் வானத்தை ஒட்டவைப்பார்கள் என்று விளக்கினேன். கட்டுப் போட்டிருந்தவன்தான் முதல் வரிசை. "அப்போ அவருக்கு இடுப்பு வலிக்குமே, டீச்சர்!" என்றான்.

இதையெல்லாம் பேத்திக்குச் சொல்லி முடித்தேன். பரணில் ஏறி, செல்லரித்த பழைய வேதாளர் புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். குப்புறப் படுத்துக்கொண்டு படித்தாள். பாதியில் நிமிர்ந்து, "ஐயோ பாட்டி, தலையில அடிச்சு மயக்கம் போட வெச்சுட்டாங்க! இப்ப புலி பலம் வருமா?" என்றாள்.

"இதுல வராது."

"அப்ப எப்படித் தப்பிப்பார்?"

"பக்கத்தைத் திருப்பு."

திருப்பினாள். கடைசி நான்கு பக்கங்களைச் செல் தின்றிருந்தது. இருவருமாகச் சேர்ந்து அவரைத் தப்பிக்க வைக்க அன்றைய மாலை முழுவதும் போதவில்லை.