வாயில்லா நோயாளி



32 ஆண்டுகள் பள்ளியிலே பணியாற்றிய எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கணக்குப் பரீட்சையன்று வயிற்றுவலி என்று வந்து நிற்கும் பையனை நான் எளிதில் நம்புவதில்லை. பெரும்பாலும் என் ஐயம் சரியாகவே இருந்தது. ஓய்வு பெற்ற பின், 2019 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், அந்தப் பழக்கத்தினால் நான் செய்த பிழையொன்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாய் உண்டு. டாக்ஸ்ஹுண்டு என்னும் ஜெர்மானிய இனம். நீண்ட உடலும் குட்டைக் கால்களும் உடையது. பேட்ஜர் என்னும் விலங்கை அதன் வளைக்குள் நுழைந்து பிடிப்பதற்கென்றே அந்நாட்டார் வளர்த்த இனம் அது. அப்போது மணிக்கு வயது ஐந்து. ஒருநாள் மாலை நான் வீடு திரும்பியபோது, வழக்கம்போல் ஓடி வராமல், முதுகை வளைத்துக்கொண்டு மூலையில் நின்றது. உடல் நடுங்கிற்று. தூக்கப் போனால் வீறிட்டது. "தாத்தா, மணிக்கு ஏதோ வலிக்கிறது" என்றான் என் பேரன். "ஒன்றுமில்லை, செல்லம் கொடுத்ததால் நடிக்கிறது" என்றேன் நான். மறுநாள் பின்னங்கால்கள் தள்ளாடின. மூன்றாம் நாள் காலையில் மணி முன்னங்கால்களால் தரையைப் பற்றி, பின்னுடலை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தது.

இந்நோய் யாது? நாயின் கழுத்தில் 7, மார்பில் 13, இடுப்பில் 7 என முள்ளெலும்புகள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றின் உள்ளே செல்லும் குழாய் போன்ற வழியில் தண்டுவடம் ஓடுகிறது. கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே தவிர, மற்ற ஒவ்வோர் இணைப்பிலும் மெத்தை போன்ற ஒரு தட்டு உண்டு. கொழுக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே உறுதியான உறை. உள்ளே மென்மையான பூரணம். குட்டைக்கால் இனங்களில் இந்தப் பூரணம் இளவயதிலேயே ஈரம் வற்றிச் சுண்ணாம்புபோல் இறுகிவிடுகிறது. பிறகு ஒருநாள், சாதாரணமாக ஒரு நாற்காலியிலிருந்து குதிக்கும்போதுகூட, உறை கிழிந்து பூரணம் மேல்நோக்கிப் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தும். மார்பு முடிந்து இடுப்புத் தொடங்கும் இடத்திலேயே இது மிகுதியாக நேர்கிறது.

சுவீடன் நாட்டுக் கால்நடை மருத்துவ அறிஞர் ஹான்சன் என்பார், இவ்வாறு திடீரெனப் பிதுங்கும் வகையையும், முதிய நாய்களில் மெல்ல மெல்லப் புடைக்கும் வகையையும் 1952 இல் பிரித்துக் காட்டினார். 2017 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள், நாயின் 12 ஆம் குரோமோசோமில் வந்தமர்ந்த ஒரு மரபணுப் படிக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டென்று கண்டனர். குட்டைக் கால்களைத் தேர்ந்தெடுத்து வளர்த்த மனிதன், அறியாமலே அந்த நோயையும் சேர்த்து வளர்த்துவிட்டான்.

மருத்துவர் மணியின் பின்பாதத்தை மடக்கி, மேற்புறம் தரையில் படும்படி வைத்தார். நலமுள்ள நாய் உடனே அதைத் திருப்பிக்கொள்ளும், மணி திருப்பவில்லை. அடுத்து விரலை இடுக்கியால் அழுத்தினார். கால் உள்ளே இழுபட்டது. நான் மகிழ்ந்தேன். "ஐயா, அது போதாது. காலை இழுப்பது தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி தானே செய்யும் வேலை. வலி மூளைக்கு எட்டினால்தான் நாய் தலையைத் திருப்பும், அல்லது கத்தும்" என்றார். மீண்டும் அழுத்தினார். மணி தலையைத் திருப்பி முனகியது. அந்த முனகலைப்போல் இனிய ஒலியை நான் கேட்டதில்லை.

இவ்வுணர்ச்சி எஞ்சியிருக்கையில் அறுவை செய்தால், பத்தில் ஒன்பது நாய்களுக்கு மேல் மீண்டும் நடக்கின்றன. உணர்ச்சி அறவே போய்விட்டால் ஏறத்தாழப் பாதியே நடக்கின்றன. ஆகவே காலம் தாழ்த்தலாகாது. உறவினர் சிலர், "ஓர் ஊசியோடு முடித்துவிடலாமே" என்றனர். அவர்களைக் கொடியவர் என்று சொல்லமாட்டேன். தீராத வலிக்கு அதுவும் ஒரு கருணையே. ஆனால் மணியின் நோய் தீராததன்று. மறுநாளே அறுவை நடந்தது. எலும்பின் ஒரு பக்கத்தில் சிறு வாயில் திறந்து, பிதுங்கிய பொருளை அகற்றினார்கள்.

அதன்பின் தொடங்கிற்று எங்கள் வேலை. தானாகச் சிறுநீர் கழிக்க இயலாததால், நாளுக்கு நான்கு முறை வயிற்றை மெல்ல அழுத்தி வெளியேற்றினோம். படுக்கைப்புண் வராதபடி சில மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைத்தோம். குதிக்க முடியாதபடி சிறு கூண்டிலே வைத்தோம். இவற்றையெல்லாம் என் பேரன் ஒரு நோட்டில் நேரத்தோடு குறித்து வந்தான். பதினோராம் நாள் அதில் "வால் ஆடியது" என்று எழுதியிருந்தான். ஆறாம் வாரத்தில் மணி தள்ளாடியபடி வாசல்வரை நடந்தது.

உங்கள் வீட்டில் நாயிருந்தால் சிலவற்றை நினைவில் வையுங்கள். முதுகு வளைந்து, நடுங்கி, தொட்டால் கத்துமானால், நடக்கவிட்டுச் சோதிக்காதீர்கள். எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள். நாம் உண்ணும் ஐபுப்ரோபென் போன்ற வலிமாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். அவை நாய்க்கு நஞ்சாகும். தட்டையான பலகையில் கிடத்தி, அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

மணி இன்றும் நடக்கிறது. இடுப்பு சற்றே ஆடும். அந்த ஆட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம், நான் வீணாக்கிய இரண்டு நாட்கள் என் நினைவுக்கு வருகின்றன. வயிற்றுவலி என்று வந்து என் மேசைமுன் நின்ற பையன்களும் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுள் எத்தனை பேருக்கு உண்மையிலேயே வலித்ததோ, இனி நான் யாரைக் கேட்பது?